ஃப்ளாஷ்ல ஸ்க்ரீன்னா என்ன? ஃப்ரேமும் கிடையாது, சீனும் கிடையாது

ஃப்ளாஷ்னா ஓடற படம், பாடம் எல்லாம் செய்யற ஒரு பழைய கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர். அதுல செஞ்ச பழைய ஃபைல் ஒன்ன திறந்து பாக்கணும்னு யாராவது கேட்டா, பேச்சு ரெண்டு நிமிஷத்துல குழம்பிடும். "அஞ்சாவது ஸ்க்ரீன்ல ஒரு பட்டன் இருக்கு"னு ஒருத்தர் சொல்வார், அவர் மனசுல இருக்கறது அஞ்சாவது ஃப்ரேம். இன்னொருத்தர் சீன சொல்றார். மூணாவது ஆளு மானிட்டர்ல தெரியற மொத்தப் படத்தையே ஸ்க்ரீன்னு சொல்லிட்டு இருப்பார். மூணு பேரும் ஒரே வார்த்தைய சொல்றாங்க, ஆனா மூணும் வேற வேற பொருள், அதுலயும் ஃப்ளாஷ் உண்மையிலயே "ஸ்க்ரீன்"னு பேர் வச்ச பொருள் இந்த மூணுல எதுவுமே கிடையாது.

இந்தக் குழப்பத்தால நெஜமாவே வேலை கெட்டுப்போகுது, அத பல தடவை பாத்திருக்கேன். ஸ்க்ரீன் வச்சு கட்டின ஒரு பாட ஃபைல வாங்கினவங்க, அதுல டைம்லைன் தேடி, ஒரே ஒரு ஃப்ரேம்தான் இருக்குன்னு பாத்துட்டு, "ஃபைல் கெட்டுப்போச்சு"னு முடிவு பண்ணி முதல்லேர்ந்து வரைய ஆரம்பிச்சிடறாங்க. ஃபைல் நல்லாத்தான் இருந்துச்சு, தேட வேண்டிய இடம் வேற. அதனால அடியிலேர்ந்து வருவோம். ப்ரோக்ராமிங் தெரியணும்னு இல்ல, ஃப்ளாஷ தொட்டே பாக்காதவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதறேன்.

முதல்ல ரயில்

சாதாரண ஃப்ளாஷ் ஃபைல ஒரு ரயில் மாதிரி நெனச்சுக்கோங்க. ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஃப்ரேம். ஃப்ரேம்னா ஒரு நொடியோட சின்னத் துண்டுல கண்ணுக்குத் தெரியற ஒரு படம். பெட்டிகள வரிசையா கோத்து வச்சிருக்கற பட்டைக்குப் பேர் டைம்லைன். ஓடும்போது முதல் பெட்டிலேர்ந்து கடைசி பெட்டி வரைக்கும் வரிசையா தாண்டிப் போகும், நொடிக்கு இத்தன ஃப்ரேம்னு ஒரு கணக்கு, பழைய ஃபைல்கள்ல பெரும்பாலும் 12ன்னு இருக்கும் ஏன்னா அப்போ புது ஃபைல் திறந்தா வந்து நின்ன எண் அதுதான்.

சீன்ங்கறது என்னன்னா, நீளமான ரயில நாலஞ்சு துண்டா பிரிச்சு ஒவ்வொன்னுக்கும் ஒரு பேர் வச்சிருக்காங்க, அவ்ளோதான். எடிட் பண்றவங்க வசதிக்காக வந்த பிரிவு அது. ஓட ஆரம்பிச்சா எல்லா சீனும் ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னா ஒட்டிக்கிட்டு ஒரே ரயிலாத்தான் ஓடும்.

கார்ட்டூனுக்கு இது பிரமாதமான அமைப்பு, கதைன்னாலே ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னுதானே. ஆனா ஒரு பாடமோ, கேள்வி பதில் பயிற்சியோ, விண்ணப்பப் படிவமோ செய்யணும்னா? அங்க பாக்கறவங்க முன்னாடி போவாங்க, பின்னாடி வருவாங்க, நடுவுல ஒன்ன திறந்து மூடுவாங்க. இதையும் ரயில்லதான் ஏத்தினாங்க ரொம்ப நாளா. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஃப்ரேம்ல வச்சு, ஓடாம இருக்க ஒவ்வொரு ஃப்ரேம்லயும் "ஸ்டாப்"னு ஒரு கட்டளை போட்டு, பட்டன அமுக்கினா "37ஆவது ஃப்ரேமுக்குப் போ"னு எழுதி. நடுவுல ரெண்டு பக்கம் புதுசா சொருகினா 37 அப்புறம் 39 ஆயிடும், அப்புறம் எல்லா பட்டனையும் தேடித் தேடித் திருத்தணும். ஃப்ரேமுக்கு எண்ண விட்டுட்டுப் பேர் குடுக்கற வழியும் இருந்துச்சு, அதுல எண் தொல்லை போகும், ஆனா எல்லாமே ஒரே நீளப் பட்டையில தொங்கறது மாறாது.

அதாவது இதுவரைக்கும்: ஃப்ரேம், சீன், டைம்லைன் மூணுமே நேரத்தப் பிரிக்கற பொருள்கள். "எப்போ தெரியணும்"ங்கற கேள்விக்குத்தான் அவை பதில் சொல்லும்.

இப்போ வீடு

ஸ்க்ரீன வீடு மாதிரி நெனைங்க. வீட்டுக்குள்ள ஹால், ஹாலுக்குள்ளேர்ந்து போனா ரூம், ரூமுக்குள்ள அலமாரி. ஹாலும் ரூமும் ஒரே நேரத்துல இருக்கு, ஒன்னு முடிஞ்சு இன்னொன்னு வரல. நீங்க எங்க நிக்கறீங்கங்கறது மட்டும்தான் மாறுது. ரூமுக்குள்ள நின்னாலும் நீங்க வீட்டுக்குள்ளதான் இருக்கீங்க, அதனால வீட்டோட கூரை உங்க தலைக்கு மேல இருந்துட்டேதான் இருக்கும். கடைசியா சொன்ன இந்தக் கூரை விஷயத்த நல்லா பிடிச்சுக்கோங்க, ஸ்க்ரீன்ல பாதி சூட்சுமம் அதுலதான் இருக்கு.

ஆக, ஸ்க்ரீன்ங்கறது "எங்க இருக்கோம்"ங்கறதுக்கான பொருள். ஒவ்வொன்னும் தனி இடம், ஒன்னுக்குள்ள ஒன்ன வைக்கலாம். எத்தன ஆழமா வேணும்னாலும் வைக்கலாம், ஆனா மூணு மாடிக்கு மேல போனா கட்டினவங்களுக்கே வழி தெரியாது, அது என்னோட அனுபவம்.

எங்கேர்ந்து வந்துச்சு

ஃப்ளாஷோட வரலாறு இங்க ரொம்ப தேவையில்ல, கொஞ்சம் மட்டும் சொல்றேன். 1996ல ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் அனிமேட்டர்னு வந்த ஒரு சாஃப்ட்வேர அந்த வருஷ கடைசியிலயே மேக்ரோமீடியாங்கற கம்பெனி வாங்கி ஃப்ளாஷ்னு பேர் மாத்துச்சு. முதல்ல வெறும் படம் ஓட்டறதுக்குத்தான். போகப்போக அத வச்சு பாடம், பயிற்சி, ஃபார்ம் எல்லாம் கட்ட ஆரம்பிச்சாங்க, ரயிலுக்குள்ள வீடு கட்டின கதைதான். அதுக்குப் பதிலா 2003ல வந்த ஃப்ளாஷ் எம்எக்ஸ் ப்ரொஃபஷனல் 2004 வெர்ஷன்ல ஸ்க்ரீன் வசதிய கொண்டு வந்தாங்க. ப்ரொஃபஷனல்ல மட்டும்தான், அதே சமயத்துல வந்த சாதா எம்எக்ஸ் 2004ல கிடையாது. நிறைய பேருக்கு இப்படி ஒன்னு இருந்ததே தெரியாம போனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நெனைக்கறேன். 2005 கடைசியில அடோபி மேக்ரோமீடியாவ வாங்கினதுக்கு அப்புறமும் கொஞ்ச காலம் இருந்துச்சு, பிறகு வந்த வெர்ஷன்கள்ல எடுத்துட்டாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், சாதாரண ஃபைல பாதி வழியில ஸ்க்ரீன் ஃபைலா மாத்த முடியாது. புது ஃபைல் திறக்கும்போதே "ஸ்லைடு பிரசண்டேஷன்" இல்லனா "ஃபார்ம் அப்ளிகேஷன்"னு தேர்ந்தெடுக்கணும். கட்டற அன்னிக்கே ரயிலா வீடான்னு சொல்லிடணும்.

குடும்ப மரம்

ஸ்க்ரீன் ஃபைல திறந்தா இடது பக்கம் ஒரு பட்டியல் தெரியும், அதுக்குப் பேர் ஸ்க்ரீன் அவுட்லைன். கம்ப்யூட்டர்ல ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் தெரியற மாதிரியே உள்தள்ளி உள்தள்ளி இருக்கும். எல்லாத்துக்கும் மேல ஒன்னு, அது வேர் ஸ்க்ரீன், அத அழிக்க முடியாது. ஸ்லைடு ஃபைல்ல அதுக்கு தானா வர்ற பேர் பிரசண்டேஷன், ஃபார்ம் ஃபைல்ல அப்ளிகேஷன். ஒன்னுக்குள்ள இருக்கற ஸ்க்ரீன பிள்ளைனும் வெளிய இருக்கறத தாய்னும் இனி சொல்றேன்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம், "இதயம் எப்படி வேலை செய்யுது"ன்னு ஒரு பாடம். வேர்ல தலைப்புப் பட்டையும், "அடுத்து", "முந்தி"ன்னு ரெண்டு பட்டனும். வேருக்கு அடியில நாலு பிள்ளை: அறிமுகம், அமைப்பு, ரத்த ஓட்டம், கேள்விகள். இதுல அமைப்புக்குள்ள மறுபடி நாலு பிள்ளை, இதயத்துக்கு நாலு அறை ஆச்சே: வலது மேலறை, வலது கீழறை, இடது மேலறை, இடது கீழறை. கேள்விகளுக்குள்ள அஞ்சு கேள்வி, ஒன்னுக்கு ஒரு ஸ்க்ரீன்.

இப்போ கூரை விஷயத்துக்கு வாங்க. தாய் ஸ்க்ரீன்ல வரைஞ்சது எல்லா பிள்ளை ஸ்க்ரீன்லயும் தெரியும். அதனால இதயத்தோட முழுப் படத்த "அமைப்பு"ங்கற தாய்ல ஒரே ஒரு தடவை வரைஞ்சா போதும், நாலு பிள்ளையிலயும் அந்தந்த அறைக்கு மட்டும் கலர் பூசி ஒரு வரி எழுதினா வேலை முடிஞ்சுது. படத்துல ஒரு கோடு தப்புன்னு பின்னாடி தெரிஞ்சா ஒரே இடத்துல திருத்தினா நாலும் சரியாயிடும். தலைப்புப் பட்டை வேர்ல இருக்கறதால எல்லா இடத்துலயும் தெரியும். ரயில் முறையில இதே பாடத்த செஞ்சிருந்தா லேயர்கள, அதாவது ஒன்னு மேல ஒன்னா அடுக்கற படத் தாள்கள, ஃப்ரேம் கணக்குப் பாத்து இழுத்து நீட்டிக்கிட்டே இருக்கணும், செஞ்சவங்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

மரத்தோட நுனியில இருக்கற, பிள்ளையே இல்லாத ஸ்க்ரீனுக்கு இலைன்னு பேர் வச்சுக்கலாம். "அடுத்து"ன்னு அமுக்கும்போது ஃப்ளாஷ் இலைகள்ல மட்டும்தான் நிக்கும். நம்ம பாடத்துல வேரையும் சேர்த்து மொத்தம் 14 ஸ்க்ரீன். ஆனா இலைகள் 11தான்: அறிமுகம், நாலு அறை, ரத்த ஓட்டம், அஞ்சு கேள்வி. அறிமுகத்துலேர்ந்து அமுக்கினா "அமைப்பு"ல நிக்காம நேரா வலது மேலறைக்குப் போயிடும், அமைப்பு பின்னாடி கூரையா வந்து நிக்கும். "நான் செஞ்ச அமைப்பு பக்கத்த ஃப்ளாஷ் தாண்டிப் போகுது, இது சாஃப்ட்வேர் பிழை"னு வர்ற புகாருக்கெல்லாம் பதில் இதுதான். அமைப்புக்கு ஒரு முன்னுரை தனியா நின்னு தெரியணும்னா, அதையும் முதல் பிள்ளையா ஒரு இலையாக்கி வைக்கணும்.

சுருக்கமா: தாய்ல இருக்கறது பிள்ளைல தெரியும், பிள்ளைல இருக்கறது அண்ணன் தம்பிக்குத் தெரியாது, நடை இலையிலேர்ந்து இலைக்கு.

ஸ்லைடா, ஃபார்மா?

ஸ்க்ரீன் ரெண்டு வகை. ஸ்லைடுக்கு வரிசை தெரியும். எதுவுமே எழுதாம விட்டாலும் வலது அம்புக்குறியையோ ஸ்பேஸ் பாரையோ அமுக்கினா அடுத்ததுக்குப் போகும், இடது அம்புக்குறிக்குப் பின்னாடி வரும். ஒரு பிள்ளை தெரியும்போது அதோட அண்ணன் தம்பி எல்லாம் தானா மறைஞ்சுக்கும்.

ஃபார்முக்கு இந்த அறிவு எதுவும் கிடையாது. எது தெரியணும், எது மறையணும்னு நாமதான் ஒவ்வொன்னுக்கும் சொல்லணும். புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டற இடம் இது. அஞ்சு ஃபார்ம் செஞ்சு ஓட்டிப் பாத்தா அஞ்சும் ஒன்னு மேல ஒன்னா படிஞ்சு ஒரே கந்தரகோளமா தெரியும், ஏன்னா எல்லா ஃபார்மும் ஆரம்பத்துல "தெரியலாம்"ங்கற நிலையிலதான் இருக்கும். "நான் அவுட்லைன்லயே மறைச்சேனே"ம்பாங்க. அவுட்லைன்ல மறைக்கறது வரையும்போது நம்ம கண்ணுக்கு மறைக்கறது மட்டும்தான், ஓடும்போது அதுக்கு மதிப்பில்ல. ஓடும்போது மறையணும்னா அந்த ஃபார்மோட "விசிபிள்"ங்கற குணத்த "ஃபால்ஸ்"னு, அதாவது "இல்ல"ன்னு, மாத்தணும்.

எத எப்போ எடுக்கறது? வரிசையா போற பாடம், விளக்கம்னா ஸ்லைடு. பல பெட்டி நிரப்பற விண்ணப்பம், ஒரு தேர்வுக்கு ஏத்தபடி வேற வேற பகுதி திறக்கணும்னா ஃபார்ம். ஒரே ஃபைல்ல ரெண்டையும் கலக்கவும் முடியும், நம்ம இதயப் பாடத்துல மாணவர் விவரம் வாங்கற பகுதிய மட்டும் ஃபார்மா வைக்கலாம். ஆனா முதல் ஃபைல்லயே கலக்காதீங்க.

மூடிய திறந்து பாத்தா

இப்போ உள்ள என்ன இருக்குன்னு பாப்போம், மாயம் ஒன்னும் இல்ல. மூவி க்ளிப்னு ஒரு பொருள் ஃப்ளாஷ்ல ஆரம்ப காலத்துலேர்ந்து உண்டு, அதுக்குள்ள தனக்குன்னு சொந்தமா ஒரு டைம்லைன் வச்சிருக்கற குட்டிப் படம் அது. ஒவ்வொரு ஸ்க்ரீனும் கூடுதல் புத்தி குடுத்த ஒரு மூவி க்ளிப்தான். ஸ்க்ரீனுக்குள்ள ஸ்க்ரீன்னா க்ளிப்புக்குள்ள க்ளிப். இந்த மொத்தக் கூட்டத்தையும் தூக்கி முதன்மை டைம்லைனோட ஒரே ஒரு ஃப்ரேம்ல உக்கார வச்சிருக்கு. ஆரம்பத்துல சொன்னேனே, "ஒரே ஃப்ரேம்தான் இருக்கு, ஃபைல் போச்சு"ன்னு பயந்தாங்கன்னு, அந்த ஒத்த ஃப்ரேம் இதுதான், மொத்த வீடும் அதுக்குள்ள இருக்கு.

இது தெரிஞ்சா மூணு விஷயம் தன்னால விளங்கிடும்.

"37ஆவது ஃப்ரேமுக்குப் போ"ன்னு பழைய பழக்கத்துல வேர் டைம்லைனுக்கு எழுதினா ஏன் ஒன்னுமே நடக்கலன்னா, அங்க 37ன்னு ஒரு ஃப்ரேமே கிடையாது. ஆனா ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கு உள்ளயும் டைம்லைன் இருக்கு, ரத்தம் ஓடற அனிமேஷன அந்த ஸ்க்ரீனுக்குள்ள 60 ஃப்ரேம்ல ஓட்டலாம், தடையே இல்ல. ரயில் இன்னும் இருக்கு, வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல ஓடுது.

அடுத்தது, ஃபைல் பெருசா இருந்தா ஏன் ரொம்ப நேரம் வெள்ளையா நிக்குதுன்னா, ஃப்ளாஷ் ப்ளேயர் ஃப்ரேம் ஃப்ரேமா இறக்கிக்கிட்டே ஓட்டற பழக்கம் உள்ளது. எல்லாமே முதல் ஃப்ரேம்ல இருந்தா மொத்தமும் வந்து சேர்ற வரைக்கும் காத்துக்கிட்டுதான் இருக்கணும். இதுக்கு மருந்தும் ஸ்க்ரீன்லயே இருக்கு, கன கனமான பகுதிகள தனி எஸ்டபிள்யூஎஃப் ஃபைலா செஞ்சு, ஸ்க்ரீனோட "கன்டென்ட்பாத்"ங்கற குணத்துல அந்த ஃபைலோட பேர குடுத்துட்டா வெளியிலேர்ந்து இழுத்துக்கும். எஸ்டபிள்யூஎஃப்னா ஃப்ளாஷ் ப்ளேயர்ல ஓடற முடிஞ்ச ஃபைல், நாம திருத்தற மூல ஃபைல் எஃப்எல்ஏ. இப்படிப் பிரிச்சா மூணு பேரு மூணு பகுதிய தனித்தனியா செய்யவும் முடியும், எனக்கு அதுதான் பெரிய லாபமா தெரிஞ்சுது.

மூணாவது, சத்தம். அறிமுக ஸ்லைடுல ஒரு குரல் பேசிட்டு இருக்கும்போதே "அடுத்து" அமுக்கினா, ஸ்லைடு மறைஞ்சாலும் குரல் மறையாது. மறைஞ்ச க்ளிப்பும் ஓடிக்கிட்டுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது அவ்வளவுதான். ஸ்லைடோட "ப்ளேஹிடன்"ங்கற குணத்த "ஃபால்ஸ்" ஆக்கினா மறையும்போது நின்னுடும், திரும்ப வரும்போது முதல் ஃப்ரேம்லேர்ந்து ஓடும். அதுலயும் ஒரு சிக்கல் என்னன்னா, சத்தத்த டைம்லைன்ல வைக்கும்போது "ஸ்ட்ரீம்"னு வச்சிருந்தாதான் டைம்லைன் நின்னதும் சத்தமும் நிக்கும். "ஈவென்ட்"னு வச்சிருந்தா அது யார் பேச்சையும் கேக்காம முடியற வரைக்கும் பேசித் தீக்கும்.

ஸ்கிரிப்ட் எங்க எழுதறது

ஸ்கிரிப்ட்னா "இது நடந்தா அத செய்"னு எழுதற கட்டளைகள். ஃப்ளாஷ்ல அதுக்கான மொழி ஆக்ஷன்ஸ்கிரிப்ட். ஸ்க்ரீன் வேலை செய்யறது ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 2ல மட்டும். 2006ல ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3 வந்துச்சு, ஆனா அதுல ஸ்க்ரீன் கிடையாது, அதனால பழைய ஃபைல 3க்கு மாத்திப் பாக்கலாம்னு முயற்சி பண்ண வேண்டாம். இனி நான் சொல்ற கட்டளைப் பேர்கள தமிழ்ல எழுதினாலும் ஃபைலுக்குள்ள ஆங்கில எழுத்துல, நடுவுல இடம் விடாம ஒட்டித்தான் இருக்கும்.

ஒன்னுமே எழுதத் தெரியாதவங்களுக்கு பெஹேவியர்னு ஒரு வசதி உண்டு. பட்டன தேர்ந்தெடுத்து "அடுத்த ஸ்லைடுக்குப் போ"ன்னு பட்டியல்லேர்ந்து எடுத்தா ஃப்ளாஷே கட்டளைகள எழுதி வச்சிடும். ஆரம்பிக்க நல்லது. ஆனா அப்படியே பட்டன் பட்டனா போட்டுக்கிட்டே போனா ஃபைல் முழுக்க அங்கங்க கட்டளைகள் சிதறிக் கிடக்கும், ஒரு வருஷம் கழிச்சு எது எங்க இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

நான் வச்சிருக்கற கணக்கு ஒன்னுதான்: ஒரு கட்டளை யாரையெல்லாம் பாதிக்குதோ அவங்க எல்லாருக்கும் பொதுவான தாய்ல அத எழுது. "அடுத்து" பட்டன் எல்லாருக்கும் பொது, அது வேர்ல. கேள்விக்கான மதிப்பெண் கணக்கு அஞ்சு கேள்விக்கு மட்டும் பொது, அது "கேள்விகள்"ங்கற தாய்ல. வலது கீழறை துடிக்கிற அனிமேஷன் அதுக்கு மட்டும் சொந்தம், அது அந்த இலைக்குள்ள. மதிப்பெண்ண ஒவ்வொரு கேள்வி ஸ்க்ரீனுக்குள்ளயும் தனித்தனியா வச்சு, கடைசியில அஞ்சையும் தேடிப் போய் கூட்டின ஃபைல்கள பாத்திருக்கேன், ஆறாவது கேள்வி சேத்த அன்னிக்கு கணக்கு தப்பிப் போகும்.

வேர்ல இருக்கற "அடுத்து" பட்டனுக்கு என்ன எழுதறது? வேர் ஸ்லைடுகிட்ட "இப்போ எந்த ஸ்லைடு ஓடுது"ன்னு கேட்டா சொல்லும், அந்தக் குணத்துக்குப் பேர் கரன்ட்ஸ்லைடு. கிடைச்ச ஸ்லைடுகிட்ட "கோடூநெக்ஸ்ட்ஸ்லைடு"ன்னு சொன்னா அடுத்த இலைக்குப் போயிடும். பின்னாடி வர "கோடூப்ரீவியஸ்ஸ்லைடு". எந்த எண்ணும் எந்தப் பேரும் இதுல இல்ல பாருங்க, நடுவுல பத்து ஸ்லைடு சொருகினாலும் இந்த ஒரு வரிய தொட வேண்டாம். ரயில் முறையில பட்ட பாட்ட நெனச்சுப் பாத்தா இந்த ஒரு வரிக்காகவே ஸ்க்ரீன கத்துக்கலாம்.

யார் எப்போ கூப்பிடறாங்க

ஈவென்ட்னா ஏதோ ஒன்னு நடந்துச்சுன்னு ஃப்ளாஷ் குடுக்கற தகவல். பட்டன அமுக்கறது ஒரு ஈவென்ட். ஸ்க்ரீனுக்குன்னு சில ஈவென்ட் இருக்கு, அதுல லோடு, ரிவீல் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதவங்க குறைவு. லோடுங்கறது கதவ செஞ்சு மாட்டற மாதிரி, ஸ்க்ரீன் உருவாகும்போது ஒரு தடவை நடக்கும். ரிவீல்ங்கறது கதவ திறக்கற மாதிரி, ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரிய வர்ற ஒவ்வொரு தடவையும் நடக்கும். மறையும்போது நடக்கறது ஹைடு. கேள்விக்கான பெட்டிய காலியாக்கற வேலைய லோடுல எழுதினா முதல் தடவை மட்டும் காலியா இருக்கும், மாணவர் திரும்ப வந்தா பழைய பதிலே நிக்கும். அத ரிவீல்ல எழுதணும். மதிப்பெண்ண பூஜ்யம் ஆக்கறத ரிவீல்ல எழுதினா நேர்மாறா கெடும், ஒவ்வொரு தடவை பின்னாடி போய் வரும்போதும் மார்க் அழிஞ்சிடும்.

இன்னொன்னு ரிவீல்சைல்டு. வீட்டுல எந்த ரூம்ல லைட்ட போட்டாலும் வாசல்ல இருக்கற மீட்டர் சுத்தும் இல்லையா, அந்த மாதிரி எந்தப் பிள்ளை தெரிய வந்தாலும் தாய்க்கு ஒரு தகவல் போகும். "11ல 4"ன்னு எத்தனாவது பக்கம்னு காட்டற எண் வேணும்னா 11 இடத்துல எழுத வேண்டாம், தாய்ல உக்காந்து இந்த ஈவென்ட கேட்டு எண்ண மாத்தினா போதும். ரிவீல்சைல்டுக்கு ஜோடி ஹைடுசைல்டு.

ஒரு ஸ்லைடுலேர்ந்து இன்னொன்னுக்குப் போகும்போது மங்கறது, பறந்து வர்றது, சுருங்கறதுன்னு ட்ரான்ஸிஷன் அலங்காரமும் போடலாம். அத பத்தி அதிகம் சொல்ல ஒன்னும் இல்ல, வேர்ல ஒன்னு, பிள்ளையில ஒன்னுன்னு போட்டா ரெண்டும் சேர்ந்து கண்ண வலிக்க வைக்கும், ஏதாவது ஒரு மட்டத்துல மட்டும் போடுங்க.

இந்தப் பகுதியோட சாரம்: பொதுவான வேலை தாய்ல, சொந்த வேலை இலையில. ஒரு தடவை செய்யறது லோடுல, ஒவ்வொரு தடவையும் செய்யறது ரிவீல்ல.

பேர் வைக்கறது

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஃபைல் பொழைக்கறதும் சாகறதும் இதுலதான். புது ஸ்க்ரீன் போட்டா ஸ்லைடு1, ஸ்லைடு2, ஃபார்ம்1ன்னு தானா பேர் வரும். நீங்க அவுட்லைன்ல பாக்கற அந்தப் பேரத்தான் ஸ்கிரிப்ட்டும் அந்த ஸ்க்ரீன கூப்பிடப் பயன்படுத்தும். ஸ்கிரிப்ட்ல ஒரு ஸ்க்ரீன சொல்லணும்னா வேர்லேர்ந்து ஆரம்பிச்சு தாய், பிள்ளைன்னு நடுவுல புள்ளி வச்சு முழு வழியையும் எழுதணும், வீட்டு விலாசம் மாதிரி. பாதி வேலை முடிஞ்சப்புறம் அவுட்லைன்ல பேர மாத்தினா, நீங்க கையால எழுதின விலாசம் தானா மாறாது, பழைய விலாசத்துக்கே கடுதாசி போயிட்டு இருக்கும். ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 2 பல சமயம் பிழைன்னு கத்தவும் கத்தாது, அமைதியா ஒன்னும் செய்யாம இருந்துடும், அதான் கண்டுபிடிக்கறது கஷ்டம். ஒரு ஸ்க்ரீன ஒரு தாய்கிட்டேர்ந்து இழுத்து இன்னொரு தாய்க்கு அடியில போட்டாலும் இதே கதைதான், விலாசம் மாறிடும்.

அதனால முதல் கட்டளைய எழுதறதுக்கு முன்னாடி பேப்பர்ல மரத்த வரைஞ்சு, பேர் எல்லாம் முடிவு பண்ணி, இடமோ புள்ளியோ இல்லாத ஆங்கில எழுத்துப் பேரா வச்சுக்கோங்க. என்ன இருக்குன்னு சொல்ற பேரா இருக்கணும், எத்தனாவதுன்னு சொல்ற பேரா இருக்கக் கூடாது, ஏன்னா வரிசை மாறும்.

இன்னிக்கு இத வச்சு என்ன பண்றது

ஃப்ளாஷ் ப்ளேயருக்கு 2020 டிசம்பர் 31ஓட ஆதரவு முடிஞ்சுது, 2021 ஜனவரி 12லேர்ந்து ப்ளேயரே ஃப்ளாஷ் ஃபைல்கள ஓட்ட மறுத்துடுச்சு. ஆனா அந்தக் காலத்துல செஞ்ச பாடங்களும் பயிற்சிகளும் நிறைய பேர்கிட்ட சிடியிலயும் பழைய ஹார்ட் டிஸ்க்லயும் கிடக்கு, அதுல எத்தனையோ நல்ல உழைப்பு இருக்கு. எஸ்டபிள்யூஎஃப் மட்டும் இருந்தா ரஃபிள்னு, பழைய ப்ளேயர் மாதிரியே வேலை செய்யற ஒரு இலவச எமுலேட்டர்ல போட்டுப் பாருங்க, ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 2 வரைக்கும் அது நல்லாவே ஓட்டுது.

எஃப்எல்ஏ இருந்து, ஸ்க்ரீன் தெரிஞ்ச ஒரு பழைய வெர்ஷன்ல திறக்க முடிஞ்சா, படங்கள எடுக்கறதுக்கு முன்னாடி அவுட்லைன விரிச்சு மொத்த மரத்தையும் எழுதி வச்சுக்கோங்க. எந்த ஸ்க்ரீன் யாருக்குப் பிள்ளை, எதுல ரிவீல் எழுதியிருக்கு, எது வெளியிலேர்ந்து கன்டென்ட்பாத்ல வருது, இவ்வளவும். படத்த பிறகுகூட எடுத்துக்கலாம், அந்த மரம் தொலைஞ்சா எது எதோட சேரணும்னு யாருக்கும் தெரியாது.

அந்த மரத்த வச்சு புதுசா கட்டறது அவ்வளவு கஷ்டம் இல்ல. ஃப்ளாஷ் 2016ல அனிமேட்னு பேர் மாறுச்சு, அதுல ஸ்க்ரீன் கிடையாது, ஆனா மூவி க்ளிப் இருக்கு, ஒன்னுக்குள்ள ஒன்ன வைக்கலாம், விசிபிள் குணமும் இருக்கு. ப்ளேயர் இல்லாம ப்ரௌசர்லயே ஓடற எச்டிஎம்எல்5 கேன்வாஸ் ஃபைல் ஒன்னு திறந்து, ஒரே ஃப்ரேம்ல தாய் க்ளிப் வச்சு, உள்ள பிள்ளைகள வச்சு, ஒன்ன காட்டி மத்தத மறைக்கற ஒரு சின்ன ஃபங்ஷன, அதாவது பேர் வச்ச கட்டளைத் தொகுப்ப, நாமே எழுதிட்டா ஸ்லைடு செஞ்ச வேலையில பெரும்பகுதி வந்துடும். ரிவீல் மட்டும் தானா வராது, காட்டற அதே ஃபங்ஷனுக்குள்ளயே அந்த வேலையையும் கூப்பிட்டுக்கணும். பழைய ஸ்கிரிப்ட்லேர்ந்து ஃப்ரேம் எண்ண அப்படியே காப்பி பண்றவங்க ஒன்னு கவனிங்க, ஆக்ஷன்ஸ்கிரிப்ட்ல முதல் ஃப்ரேம் 1, கேன்வாஸ்ல அது 0.